கேஸ் போட்டால் ட்ரிப், எடுத்தால் புழுக்கம்: மண்டபத்து ஏசியில் எத்தனை கோளாறு?

மார்ச் 27, கேள்வி

அண்ணா, பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். குழாய் வழியே ஹாலுக்குக் காற்று அனுப்பும் 8.5 டன் டக்டபிள் ஏசி நான்கு, எல்லாம் ஆர்-22 கேஸ். இரண்டாம் எண் மாசி மாதத்திலிருந்தே குளிரவில்லை. மெக்கானிக் வந்து சக்‌ஷன் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) குறைவு என்று கேஸ் போட்டார். மறுநாள் மதியம் ஹெச்பி (அழுத்தம் எகிறினால் இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்ச்) ட்ரிப். திரும்ப வந்து கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுப் போனார். ட்ரிப் நின்றது, குளிரும் நின்றது. இதே கூத்து இரண்டு தடவை நடந்துவிட்டது. இப்போது கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். சித்திரை பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். கேஜில் எல்லாம் சரியாக இருக்கும்போது கம்ப்ரசரைத் தவிர வேறு எதில் கோளாறு இருக்க முடியும்?

மார்ச் 27, இரவு, பதில்

கம்ப்ரசரைத் தொடவிடாதீர்கள். எண்களை அனுப்புங்கள். "சரியாக இருக்கிறது" என்பது எண் இல்லை.

மார்ச் 28

எண்கள் வந்தன. வெளியே 38 டிகிரி. சக்‌ஷன் 58 பிஎஸ்ஐ, டிஸ்சார்ஜ் (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் அழுத்தம், ஹெட் என்போம்) 278. கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய் 7 டிகிரி, லிக்விட் குழாய் 50 டிகிரி. ஹாலிலிருந்து திரும்பும் காற்று 27, குளிர்ந்து வரும் காற்று 16.

தம்பி, உங்கள் மெக்கானிக்கைத் திட்ட மாட்டேன். இந்த எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் சக்‌ஷனைத் தவிர எல்லாமே நல்ல பிள்ளைகள். ஆர்-22இல் 278 பிஎஸ்ஐ என்றால் சுமார் 52 டிகிரியில் கேஸ் திரவமாகிறது. வெளிக்காற்றைவிட 14 டிகிரி கூடுதல். இந்த வெயிலுக்கு ஹெட் இப்படித்தான் நிற்கும். 58 பிஎஸ்ஐ என்றால் சுழியம் டிகிரி. குழாய் 7 டிகிரி, ஆக சூப்பர்ஹீட் (ஆவியான பிறகு கேஸ் கூடுதலாக ஏறிய சூடு) 7. அதுவும் நல்ல எண். காற்று 27இலிருந்து 16க்கு இறங்குகிறது, வித்தியாசம் 11. யாரும் குறை சொல்ல முடியாது. சக்‌ஷன் மட்டும் தாழ்ந்திருக்கிறது. சக்‌ஷன் தாழ்ந்தால் கேஸ் போடு என்பதுதான் நம் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம், அவர் போட்டார்.

உறுத்துவது ஒரே ஒரு இடம். 52இல் திரவமாகும் கேஸ் லிக்விட் குழாயில் 50 டிகிரியில் வருகிறது. சப்கூலிங் (திரவமான பிறகு கூடுதலாக ஆறியது) வெறும் 2. ஐந்திலிருந்து எட்டு வரை இருந்திருக்க வேண்டும். அப்படியானால் கேஸ் உண்மையிலேயே குறைவுதான். ஆனால் கேஸ் குறைந்தால் ஹெட்டும் குறைய வேண்டும், சூப்பர்ஹீட் ஏற வேண்டும், காற்றின் வித்தியாசம் சுருங்க வேண்டும். இங்கே மூன்றுமே அசையாமல் நிற்கின்றன. எதுவோ ஒன்று ஹெட்டைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கிறது. இன்னொன்று சூப்பர்ஹீட்டைக் கீழே இழுக்கிறது. என் ஊகம்: வெளியே வெப்பத்தை விடும் கண்டன்சர் காயிலில் அழுக்கு, உள்ளே காற்றோட்டம் குறைவு. மூன்று கோளாறும் ஒன்றின் தடயத்தை ஒன்று அழித்துக்கொண்டிருக்கின்றன.

கம்ப்ரசர் போயிருந்தால் கதையே வேறு. உள்ளே வால்வு கசிந்தால் சக்‌ஷன் ஏறும், ஹெட் இறங்கும், ஆம்பியர் குறையும். இங்கே நேர் எதிர். அது பாவம், முக்கி முக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 28, பின்னிரவு

ட்ரிப் ஆனதன் காரணமும் இதில் இருக்கிறது, எழுத மறந்துவிட்டேன். கண்டன்சர் அடைத்திருக்கும்போது கேஸ் குறைவாக இருந்தது ஒரு வகையில் அதற்குக் காவல். சரியான அளவுக்குப் போட்டதும் காவல் போயிற்று. மதிய வெயிலில் ஹெட் எகிறி ஹெச்பி விழுந்தது. அவர் போட்ட அளவு தப்பில்லை. போட்ட நேரம் தப்பு.

மார்ச் 29

பொள்ளாச்சி நண்பர் ஒருவர் குட்டியிருக்கிறார். குட்டு சரியான இடத்தில்தான் விழுந்தது. உள் காயிலுக்குத் திரவத்தை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வு உள்ள இயந்திரத்தில் சூப்பர்ஹீட் 7 என்பதை நான் பெரிய சாட்சியாகக் கூண்டில் ஏற்றியிருக்கக் கூடாது. அந்த வால்வின் வேலையே சூப்பர்ஹீட்டை ஒரே இடத்தில் நிறுத்துவது. கேஸ் கொஞ்சம் குறைந்தால் அதிகமாகத் திறந்து ஈடுகட்டிவிடும். வால்வுக்குப் பதில் கேப்பிலரி (மெல்லிய குழாய்) அல்லது துளை மட்டும் உள்ள இயந்திரம் வாய்விட்டு அழும். இது கடைசிவரை சிரித்துக்கொண்டே இருக்கும். ஒத்துக்கொள்கிறேன். சப்கூலிங் என்ற சாட்சியை மட்டும் நம்பி நாளை நேரில் போகிறேன்.

மார்ச் 30

போய் வந்தேன். கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் தென்னை. மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு நார் மில், களத்தில் நார்த்தூள் காய்கிறது. மார்கழி முதல் மாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்குக் காற்று வறண்டு வீசும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அது சும்மா வருவதில்லை.

மொட்டை மாடியில் கண்டன்சரைப் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. வாட்ச்மேன் பெருமையாகச் சொன்னார், வாரம் ஒரு முறை ஹோஸ் வைத்துக் கழுவுகிறாராம். "குழப்பமில்ல" என்றார். மலையாளத்தில் அதற்குப் பிரச்சினை இல்லை என்று பொருள். என் தமிழ்க் காதுக்குக் குழப்பம் இல்லை என்று விழுந்தது. குழப்பத்தைத் தேடித்தானே நான் 25 கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

மேல்மூடியைக் கழற்றி, ஃபேன் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தேன். மறுபக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. காயில் இரண்டு வரிசை. வெளி வரிசை சுத்தம். இரண்டுக்கும் நடுவே நார்த்தூளும் தூசியும் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கிறது. விரலால் உரித்தால் பாய் போலச் சுருண்டு வருகிறது. வெளியிலிருந்து அடித்த தண்ணீர் வாரம் தவறாமல் அழுக்கை உள்ளே தள்ளி மெத்தை தைத்திருக்கிறது. காற்று எந்தத் திசையில் போகிறதோ அதற்கு எதிர்த்திசையில், உள்ளிருந்து வெளியே கழுவ வேண்டும். வாட்ச்மேனிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. ஆறு மாத உழைப்பு.

உள்ளே ஹாலுக்குக் காற்றைத் தள்ளும் ப்ளோயர். பெல்ட் புல்லியின் விளிம்புக்குச் சமமாக நிற்க வேண்டும். இது பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. பள்ளத்தின் அடிப்பாகம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, கீழே தட்டில் கறுப்பு ரப்பர்த் தூள். பெல்ட் வழுக்கி வழுக்கிப் பல காலம் ஆயிற்று என்று அர்த்தம். திரும்பு காற்று ஜாலியில் காற்றளவி பிடித்தேன்: நிமிடத்துக்கு 220 அடி. ஜாலி 10 சதுர அடி, ஆக 2,200 கன அடி. டன்னுக்கு 400 என்று வைத்தால் 3,400 வர வேண்டும்.

கேஸ் குறைவு 11 டிகிரி வித்தியாசத்தைச் சுருக்கப் பார்த்தது, காற்றுக் குறைவு அதை விரிக்கப் பார்த்தது. இரண்டும் மல்லுக்கட்டிச் சமத்தில் நின்றதைத்தான் நாம் "சரி" என்று எழுதிவைத்திருக்கிறோம்.

ஏப்ரல் 1

திருத்தம் (இன்றைய தேதிக்காக எழுதும் விளையாட்டு இல்லை). ஜாலியின் சட்டத்தையும் தகடுகளையும் கழிக்காமல் 10 சதுர அடி என்று கணக்குப் போட்டுவிட்டேன். கழித்தால் காற்று இன்னும் குறைவு. முடிவு மாறாது, ஆனால் எண்ணைத் திருத்தாமல் விட்டால் அடுத்த முறை அதையே நம்புவேன்.

ஏப்ரல் 2

கண்டன்சரைப் பிரித்துக் கழுவியாயிற்று, பெல்ட்டும் புல்லியும் புதிது, ஃபில்டரும் கழுவினோம். கேஸைத் தொடவில்லை. மாலை 34 டிகிரியில்: சக்‌ஷன் 60, ஹெட் 235, சூப்பர்ஹீட் 16. லிக்விட் குழாயைப் பார்க்கும் கண்ணாடியான சைட் கிளாஸில் கஞ்சி கொதிப்பதுபோல் குமிழி.

இதைத்தான் பார்க்க விரும்பினேன். தாங்கிப் பிடித்த இரண்டு கையையும் எடுத்ததும் கேஸ் குறைவு அப்பட்டமாகத் தெரிகிறது. இந்த எண்களைப் பார்த்தால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் சொல்லிவிடுவான்.

மண்டப உரிமையாளர் கேட்டார்: எப்படியும் எல்லாவற்றையும் கழுவத்தானே போகிறீர்கள், முதலில் கழுவிவிட்டுப் பிறகு கேஜ் மாட்டினால் போதாதா? நியாயமான கேள்வி, நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு இயந்திரத்துக்கு அது போதும். ஆனால் கழுவும் முன் எண்களைக் குறித்துக்கொள்ளாவிட்டால் எந்தக் கோளாறு எவ்வளவு தின்றது என்று தெரியாமலே போகும். மீதி மூன்றுக்கும் இதே செலவைச் செய்யலாமா என்ற கேள்விக்குப் பதில் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 4

கோவையில் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "இதற்கு அமெரிக்காவில் இருபது முப்பது வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்" என்றார். இண்டியானாவில் பர்டூ பல்கலைக்கழகம். 1997இல் ரோசி, பிரவுன் என்ற இருவர் கூரைமேல் வைக்கும் ஏசிக்காக ஒரு முறை சொன்னார்கள். ஏழு வெப்ப அளவுகள்: ஆவியாகும் வெப்பநிலை, சூப்பர்ஹீட், கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் சூட்டு கேஸ், கண்டன்சர் வெப்பநிலை, சப்கூலிங், இரண்டு காயிலிலும் காற்றின் வித்தியாசம். எந்தக் கோளாறுக்கு எது ஏறும், எது இறங்கும் என்று அட்டவணை. கசிவு, வால்வு தேய்வு, லிக்விட் குழாய் அடைப்பு, கண்டன்சர் அழுக்கு, உள் காயில் அழுக்கு என ஐந்து கோளாறு, ஐந்து முகஜாடை. நாம் அனுபவத்தில் மனப்பாடமாக வைத்திருப்பதைத்தான் கணக்காக்கியிருக்கிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு கோளாறு என்றால் அந்த அட்டவணை நன்றாக வேலை செய்யும். இரண்டு கோளாறு சேர்ந்தால் ஏறுவதும் இறங்குவதும் கழிந்து ஜாடை அழிந்துவிடும். நம் மண்டபத்து எண்கள் மாதிரி.

பிறகு 2007இல் ஹாவ்ரோங் லீயும் அதே பிரவுனும் வேறு வழி பிடித்தார்கள். எல்லா எண்ணையும் ஒரே கூட்டத்தில் வைத்துக் கேட்காதே. ஒவ்வொரு கோளாறுக்கும் அது மட்டுமே அசைக்கக்கூடிய ஓர் அளவைக் கண்டுபிடி என்பது அதன் சாரம். கண்டன்சர் அழுக்கா? ஹெட்டைப் பார்க்காதே, கண்டன்சர் வழியே எவ்வளவு காற்று போகிறது என்று பார். நேராக அளக்க முடியாவிட்டால் கேஸ் விடும் வெப்பத்தையும் காற்று வாங்கும் வெப்பத்தையும் வைத்துக் கணக்கிடு. உள் காயிலுக்கும் அப்படியே. கம்ப்ரசர் தேய்வா? இந்த அழுத்தங்களுக்கு வெளியேறும் கேஸ் எவ்வளவு சுட வேண்டும், எவ்வளவு சுடுகிறது என்று பார். கேஸ் அளவா? சூப்பர்ஹீட்டையும் சப்கூலிங்கையும் சேர்த்து வைத்துப் பார்.

டார்ச் அடித்ததும் காற்றளவி பிடித்ததும் அதுதான் என்று எனக்குள் ஒரு கர்வம். டார்ச் வெளிச்சத்துக்குக் கேஸ் அளவைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால் அது பொய் சொல்லாது. நண்பர் என் கர்வத்தை ஒரே வரியில் இறக்கினார்: "அவர்களுடைய பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது, நீ பார்த்தாயா? கேஸோடு குழாய்க்குள் நுழைந்த காற்று."

பார்க்கவில்லை.

ஏப்ரல் 6

கேஸ் போட இரண்டு தடவை கேஸ் ஹோஸ் மாட்டியிருக்கிறார்கள். ஹோஸிலிருந்த காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டினார்களா என்று தம்பியிடம் கேட்டால், "அப்படி ஏதும் செய்த ஞாபகம் இல்லை அண்ணா" என்கிறார்.

காலை பத்து மணி, வெளியே 30 டிகிரி. லிக்விட் வால்வை மூடி, கேஸைக் கண்டன்சரில் திரட்டி, கம்ப்ரசரை நிறுத்தி, வெளி ஃபேனை மட்டும் ஓடவிட்டு அரை மணி நேரம் டீ குடித்தோம். காயிலும் வெளிக்காற்றும் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு, சுத்தமான ஆர்-22 என்றால் 30 டிகிரிக்கு 158 பிஎஸ்ஐ நிற்க வேண்டும். நின்றது 172.

நான்காவது ஆள் இவன். மார்ச் 28 அன்று நான் சாட்சியாகப் பிடித்த சப்கூலிங் 2 டிகிரியும் இப்போது பொய்யாகிவிட்டது. உள்ளே இருக்கும் காற்று ஹெட்டைத் தன் பங்குக்கு ஏற்றிக் காட்டியது. ஏறிய ஹெட்டை வைத்து நான் 52 என்று கணக்கிட்டேன். ஓடும்போதும் அதே 14 பிஎஸ்ஐ அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அளவு கழித்தால் 50 டிகிரிக்கு வந்துவிடும். லிக்விட் குழாயும் 50. சப்கூலிங் ஏறக்குறைய பூஜ்யம். முடிவு சரி, காரணம் பாதி தப்பு. இப்படிச் சரியாக இருப்பது தப்பாக இருப்பதைவிட ஆபத்து. தப்பாக இருந்தால் திருப்பி அடித்துச் சொல்லிக்கொடுக்கும்.

ஏப்ரல் 7

ஒருவர் தன் ஆர்-407சி இயந்திரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ஆறு டிகிரி இடிக்கிறதே என்கிறார். இடிக்கத்தான் செய்யும். நான் எழுதியதெல்லாம் ஆர்-22க்கு. 407சி கலப்பு கேஸ். ஒரே அழுத்தத்தில் கொதிக்கத் தொடங்கும் வெப்பமும் முடியும் வெப்பமும் ஐந்தாறு டிகிரி விலகியிருக்கும். அட்டவணையில் இரண்டு வரிசை இருக்கும்: சூப்பர்ஹீட்டுக்கு ஆவி வரிசை, சப்கூலிங்குக்குத் திரவ வரிசை. மாற்றிப் படித்தால் இல்லாத கோளாறு ஒன்றை நீங்களே பெற்றெடுப்பீர்கள்.

ஏப்ரல் 8

முடிந்தது. கேஸ் முழுவதையும் சிலிண்டரில் எடுத்து எடை போட்டோம்: 4.4 கிலோ. தகட்டில் 6. கசிவு எங்கே என்று வளைவு, வெல்டிங், ஃப்ளேர் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவி அரை நாள் போயிற்று. கடைசியில் கேஜ் மாட்டும் போர்ட்டிலேயே நுரை முட்டை விட்டது. சைக்கிள் டியூப் வால்வு மாதிரி உள்ளே ஒரு பின் இருக்கும், அதன் ரப்பர் போய்விட்டது. கேஸ் குறைவா என்று பார்க்கக் கேஜ் மாட்டிய ஒவ்வொரு தடவையும் கேஸ் குறைந்திருக்கிறது.

பின் மாற்றி, ஈரம் உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, உள்ளிருக்கும் காற்று போக 500 மைக்ரானுக்கு வேக்குவம் எடுத்து, தராசில் வைத்து 6 கிலோ ஏற்றினோம். 37 டிகிரி வெயிலில் சக்‌ஷன் 68, ஹெட் 262, சப்கூலிங் 6. கம்ப்ரசர் அதேதான்.

அழுக்குக் கேஸை மாடியிலேயே திறந்துவிடலாம் என்றான் உடன் வந்த பையன். ஓசோன், 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை என்றெல்லாம் ஆரம்பித்தேன்; அவன் போனைப் பார்க்கத் தொடங்கினான். சிலிண்டர் இன்னமும் என் கடையில் இருக்கிறது.

ஏப்ரல் 9

தூக்கம் வரவில்லை, அதனால் இது. 2009இல் பொள்ளாச்சிச் சாலையில் ஒரு துணிக்கடை. சக்‌ஷன் தாழ்வு, கேஸ் போட்டேன். சத்தம் வந்தது, கம்ப்ரசர் என்றேன், மாற்றினேன். மூன்று மாதத்தில் புதியதும் போயிற்று. உள் காயில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை. பழைய கம்ப்ரசரை வாங்கிய பட்டறைக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு வேறோர் இடத்தில் மாட்டினார். பல வருடம் ஓடியது. கடைக்காரர் இரண்டுக்கும் பணம் கொடுத்தார். என்னைப் பார்த்தால் இன்றும் வணக்கம் சொல்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 19

முதல் முகூர்த்தம் முடிந்தது. 500 பேர். நான்கும் ஓடின, ட்ரிப் இல்லை. ஆனால் பந்தியின்போது ஹால் மறுபடி புழுங்கியது என்று தம்பி அழைத்தார். உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து சுமார் 115 வாட் வெப்பம் வரும். 500 பேருக்கு ஏறக்குறைய 16 டன். இருப்பது 34. தாங்க வேண்டும்.

வாசல் கதவு திறக்கக் கனமாக இருந்ததா என்று கேட்டேன். "ஆமாம், உள்ளே இழுத்துக்கொண்டது, எப்படித் தெரியும்?" என்றார். பாயசம் கொதிக்கும்போது சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாவற்றையும் போட்டிருப்பார்கள். புகை போன வழியே ஹாலின் குளிரும் போயிற்று, அந்த இடத்தை வெளி வெயில் வந்து நிரப்பியது. எந்தக் கேஜிலும் தெரியாத ஐந்தாவது கோளாறு. சமையலறைக்குத் தனியாக வெளிக்காற்று வழி விட்டு, இடைக்கதவைச் சாத்தச் சொன்னேன்.

ஜூன் 9

மூன்றாம் எண், வெளியே 28 டிகிரி, தூறல், அப்போது ஹெச்பி ட்ரிப் என்கிறார் தம்பி. யோசித்தேன். கணவாயில் இப்போது மேற்குக் காற்று. பக்கவாட்டில் காற்று தள்ளும் கண்டன்சர் மேற்கு பார்த்து நின்றால் ஃபேனை எதிர்க்காற்று அழுத்தும். அதுதான் என்று எழுதி அனுப்பியும் விட்டேன், ஒரு தடுப்புத் தகடுக்கு அளவோடு.

ஜூன் 11

தகடு வேண்டாம். ஏணி வைத்து ஏறினேன். மழை படக் கூடாது என்று வாட்ச்மேன் அக்கறையாகச் சென்ற மாதக் கல்யாணத்தின் வரவேற்பு ஃப்ளெக்ஸைக் கண்டன்சரைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். ஃபேன் இழுத்த இழுப்பில் அது காயிலோடு ஒட்டிக்கொண்டு, மணமக்கள் முகத்தில் கோடு கோடாக ஃபின் தடம் பதிந்திருந்தது. "குழப்பமில்ல" என்று சிரித்தார். அவிழ்த்து மடித்து அவரிடமே கொடுத்தேன்.